லேப் திறந்திருக்க ஒரு மாலை கொடுங்கள்: கணினி மையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கணினி மையப் பொறுப்பாளர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். மே மாத விடுமுறையில் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) ஆட்கள் வந்து லேப் கணினிகள் எல்லாவற்றிலும் 'செக்யூர் பூட்' அமைப்பை (கணினி துவங்கும்போது நம்பகமான கையொப்பம் இல்லாத மென்பொருளைத் தடுப்பது) இயக்கிவிட்டுப் போன விவரம் உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து கிராபிக்ஸ் கார்டுகள் சும்மா கிடக்கின்றன. நீங்களே கையெழுத்துப் போட்டு அனுமதித்த ஐன்ஸ்டைன் அட் ஹோம் (வானியல் தரவை அலசத் தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளைக் கொடுத்து உதவும் ஆராய்ச்சித் திட்டம்) வேலை நின்றுபோய்விட்டது. அந்த வேலையை ஓட்டும் போயிங்க் மென்பொருளின் பதிவேட்டைத் திறந்தால், பயன்படுத்தக்கூடிய ஜிபியூ (கிராபிக்ஸ் கார்டின் சிப்) எதுவும் இல்லை என்ற ஒரே வரிதான் வருகிறது.

இதைச் சொன்னபோது எங்களுக்குக் கிடைத்த பதில், "மானிட்டரில் படம் தெரிகிறதே, அப்புறம் என்ன?" டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஏறாவிட்டாலும் லினக்ஸ் எப்படியாவது ஒரு திரையைக் காட்டிவிடும், ஐயா. கணக்குப் போடுவதற்குக் கார்டு நிறுவனமான என்விடியாவின் டிரைவர் வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அந்த டிரைவரை டிகேஎம்எஸ் என்ற கருவி அந்தந்தக் கணினியிலேயே கட்டி, அங்கேயே உருவான ஒரு டிஜிட்டல் சாவியால் கையொப்பமிடுகிறது. அந்தச் சாவியைக் கணினி ஏற்றுக்கொள்ளாதவரை, செக்யூர் பூட் டிரைவரை உள்ளே விடாது.

சாவியைப் பதிய மோக்யூட்டில் என்ற கட்டளை இருக்கிறது. ஹாஸ்டலிலிருந்தே எஸ்எஸ்எச் (நெட்வொர்க்கில் தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் முறை) வழியாக அதைக் கொடுத்து, ஒரு தற்காலிகக் கடவுச்சொல்லும் வைத்து, கணினியை மறுபடி துவக்கிவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். லினக்ஸ் எழுவதற்கு முன்பே ஒரு நீலத் திரை வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து வினாடி காத்திருக்கும். அந்த நேரத்தில் நெட்வொர்க்கே எழுந்திருக்காது. விசைப்பலகை முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்து, சாவியைப் பதியும் வரியைத் தேர்ந்து, கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். ஆள் இல்லையென்றால் கோரிக்கை தள்ளுபடி. முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாலையில் லேப் பூட்டியிருக்கும், பகலில் வகுப்பு நடக்கும். லேப் அசிஸ்டெண்ட் அண்ணனிடம் கேட்டால், மேலிடத்து உத்தரவு இல்லாமல் மாணவர்களை உள்ளே விட முடியாது என்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உத்தரவு கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

நாங்கள் கேட்பது ஒரு மாலைதான். பயாஸ் (கணினியின் அடிப்படை அமைப்புகள்) பாஸ்வேர்டு எங்களுக்கு வேண்டாம். செக்யூர் பூட்டை அணைக்கவும் வேண்டாம், அது இருப்பது நல்லதுதான். ஒருமுறை சாவி பதிந்துவிட்டால், அடுத்தடுத்த கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) அப்டேட்டுக்கும் டிகேஎம்எஸ் அதே சாவியால் கையொப்பமிட்டுக்கொள்ளும். இதற்காக மறுபடி உங்கள் கதவைத் தட்ட மாட்டோம்.

கரண்ட் பில் பற்றிய கவலை நியாயமானது. அதனால்தான் இரவில் மட்டும் ஓடும்படி போயிங்க்கில் நேரம் குறித்தோம், என்விடியா எஸ்எம்ஐ என்ற கருவியில் வாட் அளவுக்கு உச்சவரம்பு வைத்தோம். சேலத்து வெயிலில் ஏப்ரல், மே முழுக்க நிறுத்தி வைக்கவும் நாங்களாகவே ஒப்புக்கொண்டோம். இத்தனைக்குப் பிறகும் "இதனால் கல்லூரிக்கு என்ன பயன்?" என்று கேட்டால் வலிக்கிறது. 2010இல் இதே திட்டம் ஒரு புதிய பல்சரை (துடிப்பு விண்மீனை) கண்டுபிடித்தது. வானியல் தரவில் அதைப் பிடித்தவை அமெரிக்காவின் ஐயோவாவில் ஒரு தம்பதியின் கணினியும், ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் இசைத் தகவலியல் துறையின் கணினியும். இசைத் துறையின் கணினிக்குக் கிடைத்த வாய்ப்பு, கணினித் துறையின் லேபுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

இன்ஸ்பெக்‌ஷன் அன்று ஆய்வுக்குழுவை அழைத்துப்போய்க் காட்டியது இதே கார்டுகளைத்தான். அன்று லேப் வாசலில் கோலம் போட்டதும் நாங்கள்தான். சிம்போசியம் மேடையில் ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்று பேசுகிறோம். சொந்தக் கணினி வாங்க வசதியில்லாமல் வாழப்பாடியிலிருந்தும் மேட்டூரிலிருந்தும் பஸ் ஏறி வரும் ஜூனியர்கள் லினக்ஸில் ஒரு டிரைவர் எப்படி ஏறுகிறது என்று கண்ணால் பார்த்துக் கற்க, இந்த லேபை விட்டால் வேறு இடம் இல்லை. அவர்களிடம் "தொடாதே" என்று மட்டும் சொல்லி அனுப்புவது எந்த விதத்தில் கல்வி?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன். பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: வகுப்பு முடிந்த ஒரு மாலை லேப் திறந்திருக்க அனுமதி கொடுங்கள். உங்கள் தரப்பில் ஒருவர் கூடவே இருக்கட்டும். எந்தக் கணினியில் எந்தச் சாவி பதிந்தது என்று எழுதி, கையெழுத்திட்டுத் தருகிறோம். சனிக்கிழமையானாலும் சரி, நீங்கள் சொல்லும் நாளில் வருகிறோம்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவன்,
சேலம்