ஜிம்முக்கு வசூல் செய்யும் இளைஞர் மன்றத் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

மன்றத்துத் தம்பிகளுக்கு வணக்கம்.

ஊரில் ஏசி வைத்த ஜிம் கட்டப்போகிறோம் என்று ரசீதுப் புத்தகத்தோடு நீங்கள் வீட்டுக்கு வந்தபோது 10,000 ரூபாய் தருவதாகச் சொன்னேன். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் தாராளமாக எழுதியிருக்கிறார்களாம். உங்கள் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அன்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். அந்தப் பணத்தை ஜிம்மில் போடாதீர்கள், கடற்கரை வாலிபாலுக்கும் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கவும் போடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் சுகர் இருப்பது தெரிந்ததும் டவுனில் ஒரு ஜிம்மில் ஆறு மாதத்துக்குப் பணம் கட்டினேன். வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு டிரெட்மில்லில் நடக்க வேண்டும், வெகுநேரம் நடந்துவிட்டோம் என்று நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்தால் மூன்று நிமிடம்தான் ஆகியிருக்கும். இரண்டாவது மாதமே நின்றுவிட்டேன். அப்புறம் ஒருநாள் சாயங்காலம் கடற்கரையில் வாலிபால் ஆடிய பையன்கள், ஒரு ஆள் குறைகிறது, வாங்கண்ணே என்று கூப்பிட்டார்கள். கால் புதையும் மணலில் ஓடி, தாவி, விழுந்து எழுந்ததில் ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்கு இரண்டு சாயங்காலத்திலேயே அதற்கு மேல் ஆகிவிடுகிறது. ஒருநாள் போகாவிட்டால், என்னண்ணே ஆளையே காணோம் என்று வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார்கள்.

எடை தூக்குவது வீண் என்று சொல்லவில்லை. தசைக்கு அதுவும் வேண்டும், ஒரு ஓரமாக நாலு டம்பெல்ஸும் ஒரு புல்-அப் கம்பியும் போட்டால் போதும்.

நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையில் நம்மைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிரப்பன்வலசைக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து, பெரிய காற்றாடி இழுக்கப் பலகையில் நின்று கடலில் சறுக்கும் கைட் சர்ஃபிங் பழகுகிறார்கள், காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் வெளியூர்க்காரர்கள் ஆசையாகத் துடுப்புப் போடுகிறார்கள். தொண்டி, நம்புதாளைப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி நடந்தால் கரையே திரண்டு நிற்கும். 1966இல் மிகிர் சென்னும், 1994இல் 12 வயதுப் பையனாக இருந்த குற்றாலீஸ்வரனும் நீந்திக் கடந்த பாக் நீரிணை நம் வாசலில்தான் கிடக்கிறது. என் மகனுக்கும் 12 வயது. வீட்டிலிருந்து முந்நூறு அடி நடந்தால் கடல், ஆனால் அவனுக்கு நீச்சல் தெரியாது. அவன் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியாதாம். எனக்குத் தாங்கவில்லை.

கடலில் இறக்கினால் யார் பொறுப்பு என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கும் நமக்கு இரண்டு கடலும் பக்கம். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளித்தால் தென்கடல் தணிந்திருக்கும், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது அப்படியே மாறும். எந்த வாரம் எந்தக் கரையில் இறங்கலாம் என்பதை நம் மீனவப் பெரியவர்கள் காற்றைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டாமல் மிதவை கட்டிக் கயிற்றால் எல்லை போடுவோம், எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட், பக்கத்தில் ஒரு வள்ளம், அதில் நீச்சல் தெரிந்த இரண்டு பேர். அவர்களுக்குச் சம்பளமும் கொடுத்துவிட வேண்டும், ஓசியில் கேட்கக் கூடாது.

பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். ஏசி ஜிம் வந்தால் நம் ஊரில் எத்தனை தாய்மார்கள் தங்கள் மகளை அனுப்புவார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். ஆனால் பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கும் அக்காமார் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்கி எழுகிறவர்கள். அவர்களில் இரண்டு பேரைக் கூலி கொடுத்து அழைத்து வந்து, காலையில் பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கினால், என் மனைவியும் மகளும்தான் முதலில் வந்து நிற்பார்கள்.

ஏசிக்கும் மெஷினுக்கும் மாதாமாதம் கரண்ட் பில் கட்ட வேண்டும், உப்புக்காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். கடற்கரை வாலிபாலுக்கு 16 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் சுற்றிக் கொஞ்சம் இடமும் போதும், மணல் நம்மிடம் இருக்கிறது.

நான் எழுதிக் கொடுத்த பத்தாயிரத்தில் மாற்றமில்லை. கம்பமும் வலையும் இரண்டு பந்தும் வாங்க அதை எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சம் இருந்தால் பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட். அடுத்த மன்றக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள், கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
சாயங்காலம் உங்களோடு ஆடும் அண்ணன்