2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: பிலடெல்பியா கிறைஸ்ட் சர்ச் ஆலயத்தில் கூடிவரும் தமிழ் ஐக்கியம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஐக்கியத்தின் குடும்பத்தார் அனைவருக்கும் இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் ஸ்தோத்திரங்கள். வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்களை அச்சபையின் அமெரிக்கக் கிளையான எபிஸ்கோபல் திருச்சபையின் நாட்காட்டி ஜனவரி 2ஆம் தேதி நினைவுகூர்கிறது. அந்த நாளை ஒட்டி நமது ஆண்டுப் பொதுக்கூட்டத்தை வைத்துக்கொள்ளும் வழக்கத்தின்படி, கடந்த ஆண்டின் பணிகளை இங்கே சமர்ப்பிக்கிறேன்.

ஜனவரி முதல் ஆகஸ்டு வரை நடந்தவற்றைச் சில வரிகளில் முடித்துவிடலாம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலத்தில் நான்கு வெள்ளிக்கிழமைகள் வீடுகளில் ஜெபக்கூட்டம் நடந்தது. ஈஸ்டருக்குப் பின் ஒரு முறை கூடினோம். கோடை விடுமுறையில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டதால் எதுவும் நடக்கவில்லை. எனவே இவ்வறிக்கை பெரும்பாலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான இலையுதிர் காலத்தைப் பற்றியதாகவே இருக்கும். இங்குள்ள சபை வாழ்க்கையின் போக்கும் அதுதான். பள்ளிக்கூடம் திறந்த பிறகே சபையும் விழித்துக்கொள்கிறது. ஞாயிறு பள்ளி, பாடகர் குழுப் பயிற்சி, காணிக்கை வாக்குறுதி, அறுப்பின் நன்றி, மரித்தோர் நினைவு எல்லாம் மூன்று மாதங்களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன.

செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு ஆராதனைக்குப் பின், புதிதாகச் சேர்ந்த குடும்பங்களுக்கு ஆலயத்தைச் சுற்றிக் காட்டினோம். 1695இல் தொடங்கிய சபை இது. இன்று நாம் காணும் செங்கல் கட்டடத்தின் வேலை 1727இல் தொடங்கி 1744இல் முடிந்தது. 196 அடி உயரமுள்ள கோபுரம் 1754இல் நிறைவுற்று, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்காவிலேயே உயரமான கட்டடமாக இருந்தது. பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற தொட்டி லண்டனிலிருந்து 1697இல் இங்கே அனுப்பப்பட்டது. 1785இல் எபிஸ்கோபல் திருச்சபையின் முதல் பொது மாமன்றம் கூடியதும் இந்த ஆலயத்தில்தான். இவற்றைச் சொல்லிக்கொண்டே வந்தபோது, அந்தக் கோபுரத்துக்கான பணத்தைப் பெஞ்சமின் பிராங்க்ளின் உள்ளிட்டோர் லாட்டரிச் சீட்டு நடத்தித் திரட்டினார்கள் என்ற செய்தியில் சிறு சலசலப்பு எழுந்தது. முந்தைய ஆண்டில் நமது செயற்குழு, குலுக்கல் சீட்டு நடத்தி நிதி திரட்டலாம் என்ற யோசனையை, அது சூதாட்டம் என்று சொல்லித் தள்ளியிருந்தது. யோசனையை முன்வைத்த உறுப்பினர் அன்று ஒன்றும் பேசவில்லை. கோபுரத்தை மட்டும் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்டோபர் 4ஆம் தேதி அசிசி பிரான்சிஸின் திருநாள். அதை ஒட்டி எபிஸ்கோபல் சபைகளில் வளர்ப்புப் பிராணிகளை அழைத்து வந்து ஆசீர்வாதம் பெறுவது வழக்கம். நம்மில் இரண்டு குடும்பத்தார் தங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஆலயங்களுக்கு நாய்களைக் கொண்டுபோனார்கள். நாய்க்குத் தலையில் கைவைத்து ஜெபிப்பதா என்று மூத்தவர்கள் முதலில் முகம் சுளித்தாலும், ஊரில் பொங்கலுக்கு மறுநாள் மாட்டுக்குப் பொட்டு வைக்கும் அண்டை வீட்டாரோடு வளர்ந்த தலைமுறைக்கு அது அவ்வளவு அந்நியமாக இருந்திருக்க வேண்டியதில்லை என்பது என் தனிப்பட்ட கருத்து.

அக்டோபர் மாதம் முழுவதும் காணிக்கை வாக்குறுதிக் காலம். வரும் ஆண்டில் எவ்வளவு கொடுக்கப் போகிறோம் என்று ஒவ்வொரு குடும்பமும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க, அதை வைத்தே சபைக் கமிட்டி அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவைத் திட்டமிடுகிறது. முற்காலத்தில் ஆலய இருக்கைகளைக் குடும்பங்கள் வாடகைக்கு எடுத்தன. கதவு வைத்த பெட்டி போன்ற அந்த இருக்கைகளில் ஜார்ஜ் வாஷிங்டனுக்கும், பிராங்க்ளின் குடும்பத்துக்கும், அமெரிக்காவின் முதல் கொடியைத் தைத்தவராகச் சொல்லப்படும் பெட்ஸி ராஸுக்கும் இடம் இருந்தது. வாடகை போய் வாக்குறுதி வந்தது. முன்வரிசை வசதி போய்விட்டாலும் கணக்கின் அவசியம் போகவில்லை. இதை விளக்கும்போது, ஆலய முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் இருவரைச் சுட்டிக்காட்டினேன். அமெரிக்க விடுதலைப் போருக்குப் பணம் புரட்டிய ராபர்ட் மாரிஸ், நிலத்தில் பணத்தைப் போட்டு நொடிந்து, இதே நகரத்தில் கடனாளிகள் சிறையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். உச்ச நீதிமன்றத்தின் முதல் நீதிபதிகளில் ஒருவரான ஜேம்ஸ் வில்சன், கடன்காரர்களிடமிருந்து விலகி வட கரோலினாவில் ஒதுங்கியிருந்த நிலையில் 1798இல் இறந்து, 1906இல்தான் இங்கே கொண்டுவரப்பட்டார். இருவரும் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்கள். நமது காசாளர் இந்த உதாரணத்தை மிகவும் விரும்பினார்.

நவம்பர் 2ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சகல ஆத்துமாக்கள் நாளாகவும் அமைந்தது. அன்றைய நிகழ்ச்சியே இவ்வாண்டின் முதன்மையான பணி என்று கருதுவதால், அதைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன். ஊரில் கல்லறைத் திருநாளுக்குக் கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிப் பழகியவர்களுக்கு, உற்றார் ஒருவரும் அடக்கமாகாத நாட்டில் அந்த நாளை எப்படி அனுசரிப்பது என்ற கேள்வி ஆண்டுதோறும் வரும். இம்முறை ஆலயத்திலிருந்து நடந்து, ஆர்ச் வீதியும் ஐந்தாம் வீதியும் சந்திக்கும் இடத்தில் உள்ள கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். 1719இல் தொடங்கிய அந்த இரண்டு ஏக்கர் நிலத்தில் இன்று ஏறத்தாழ 1,400 கற்கள் நிற்கின்றன. பெரும்பாலானவை பளிங்கு, மழையும் பனியும் நகரத்துப் புகையும் தின்று, எழுத்து மழுங்கி, சர்க்கரைக் கட்டி போல் கரைந்து நிற்கின்றன. அவற்றில் என்ன எழுதியிருந்தது என்பது ஓரளவேனும் தெரிவதற்குக் காரணம், 1864இல் ஒருவர் பொறுமையாக ஒவ்வொரு கல்லாகப் படித்து, படியெடுத்து, அச்சிட்டு வைத்ததுதான்.

கல்லும் இல்லாதவர்களைப் பற்றியும் அன்று பேசினோம். 1793ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நவம்பர் வரை மஞ்சள் காய்ச்சல் இந்நகரைப் பிடித்தது. ஏறத்தாழ 50,000 பேர் வாழ்ந்த ஊரில் சுமார் 5,000 பேர் மாண்டார்கள். வசதி உள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். கிறைஸ்ட் சர்ச்சின் குருவானவரும் பேராயருமான வில்லியம் வைட் ஓடாமல் தங்கினார். இந்தக் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கமாகியிருக்கும் மருத்துவர் பெஞ்சமின் ரஷ், கறுப்பின மக்களை அந்நோய் தொற்றாது என்று நம்பி, நோயாளிகளைப் பராமரிக்க அவர்களின் உதவியை வேண்டினார். நம்பிக்கை தவறு; அவர்களும் மடிந்தார்கள். ஆனாலும் நகரின் கறுப்பினச் சபைத் தலைவர்களான அப்சலம் ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும் ஆட்களைத் திரட்டி, வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனித்து, பிணங்களை எடுத்து அடக்கினார்கள். எவரும் நோயின் காரணத்தை அறியவில்லை. குளிர் இறங்கி உறைபனி விழுந்து கொசு ஒழிந்தபோது நோயும் ஓய்ந்தது. கொசுதான் காரணம் என்று நிறுவ இன்னும் ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. ஏழைகள் பலர் அடக்கமான பொதுப் புதைகாடு இன்று வாஷிங்டன் சதுக்கம் என்ற பூங்காவாக இருக்கிறது. நம்மில் பலர் அங்கே மதிய உணவுப் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறோம்.

காய்ச்சல் தணிந்ததும், உதவிய கறுப்பின மக்கள் அநியாயக் கூலி வாங்கினார்கள், திருடினார்கள் என்று ஒரு பதிப்பாளர் எழுதினார். ஜோன்ஸும் ஆலனும் 1794இல் அச்சிட்டு வெளியிட்ட மறுப்பில், கோபத்தோடு கூடவே கணக்கும் இருக்கிறது: வந்த பணம் இவ்வளவு, சவப்பெட்டிக்கு இவ்வளவு, ஆள்கூலிக்கு இவ்வளவு, கையிலிருந்து போனது இவ்வளவு. வரவைவிடச் செலவே அதிகம் என்று அந்தக் கணக்கு காட்டுகிறது. ஆண்டறிக்கை எழுதுவது சலிப்பான வேலை என்று நான் பலமுறை முணுமுணுத்திருக்கிறேன். அந்தப் பக்கங்களைப் படித்த பிறகு முணுமுணுக்கவில்லை. அதே ஆண்டில் ஜோன்ஸின் சபை, புனித தோமாவின் பெயரில், பேராயர் வைட்டின் மறைமாவட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டது; ஆனால் மறைமாவட்ட மன்றத்தில் அதற்குப் பிரதிநிதித்துவம் கிடையாது என்ற நிபந்தனையோடு. அந்தக் கதவு திறக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. ஜோன்ஸ் பிற்பாடு எபிஸ்கோபல் திருச்சபையின் முதல் கறுப்பினக் குருவானவர் ஆனார். சேர்த்துக்கொள்வதும் சமமாக உட்காரவைப்பதும் வேறு வேறு என்பதை நமது ஊர்ச் சபைகளின் சாதி வரலாறு அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்றைய உரையாடல் அந்தத் திசையில் திரும்பி, சற்றுச் சூடாகவும் ஆனது என்பதைக் குறிப்பேட்டின் நேர்மைக்காகச் சொல்லிவைக்கிறேன்.

இறுதியாக, ஒவ்வொருவரும் தம் குடும்பத்தில் மரித்தவர்களின் பெயர்களைத் தமிழில் வாசித்தோம். பாளையங்கோட்டை, நாசரேத், மார்த்தாண்டம், மதுரை, யாழ்ப்பாணம் என்று ஊர்ப் பெயரோடு வாசித்தார்கள். ஒரு தாயார், பிறந்து மூன்று நாளில் போன தம் குழந்தையின் பெயரை முதல்முறையாகப் பிறர் முன் சொன்னார்கள். நாங்கள் நின்ற இடத்துக்கு அருகில், பிராங்க்ளினின் கல்லறையை ஒட்டியே, அவருடைய மகன் பிரான்சிஸின் சிறு கல் இருக்கிறது. 1736 நவம்பரில், நான்கு வயதில், அம்மையில் இறந்த பிள்ளை. அறிந்தவர் அனைவருக்கும் அவன் மகிழ்ச்சியாக இருந்தான் என்று அக்கல் சொல்கிறது. அம்மைப்பால் குத்தாமல் விட்டதற்காகத் தகப்பன் கடைசிவரை வருந்தினார்.

நவம்பர் 6ஆம் தேதி அறுப்பின் பண்டிகை. தேதியைத் தேர்ந்ததில் தவறு என்னுடையது. 1789இல் பிலடெல்பியாவில் கூடிய பொது மாமன்றம் ஏற்றுக்கொண்ட ஜெபப்புத்தகம், பூமியின் பலன்களுக்காக நன்றி செலுத்தும் ஆராதனையை நவம்பர் முதல் வியாழக்கிழமைக்கு நியமித்திருந்தது. நாடு முழுவதற்குமான இன்றைய நன்றி நாள் நான்காம் வியாழனுக்கு வந்தது பிற்காலச் சட்டத்தால். ஆகவே பழைய முறைப்படி முதல் வியாழனில் நடத்துவோம் என்று நான் வற்புறுத்தினேன். வேலைநாள் மாலையில், மழையில், பதினொரு பேர் வந்தார்கள். ஏலம் மட்டும் குறையில்லாமல் நடந்தது. நியூ ஜெர்சி கொல்லையில் விளைந்த சுரைக்காய், கறிவேப்பிலைத் தொட்டி, கடைசியில் ஒரு முறுக்கு டப்பா என்று ஒவ்வொன்றையும் பிள்ளைகள் கூவி விற்றார்கள். ஊரில் முதல் வாழைத்தாரை ஏலம் விடும் அதே ராகத்தை அவர்கள் யாரிடம் கற்றார்கள் என்று தெரியவில்லை. அடுத்த ஆண்டு இந்நிகழ்ச்சியைச் சனிக்கிழமைக்கு மாற்றுவதென்று செயற்குழு தீர்மானித்துள்ளது; நானும் கையுயர்த்தினேன்.

ஏலத் தொகையும் பொருட்களும் உணவு வங்கிக்குப் போக வேண்டும் என்பது முன்பே முடிவானது. ஆனால் செலவுக்கான நிதி ஒப்புதல் கிடைக்காமல் நேர்ந்த அமெரிக்க அரசு முடக்கத்தால் நவம்பர் தொடக்கத்தில் ஏழைகளுக்கான அரசு உணவு உதவி அட்டைகளில் பணம் ஏறாமல் போக, நாடெங்கும் சுமார் 4 கோடியே 20 லட்சம் பேரைத் தொட்ட அந்தத் தடை நமது தெருவுக்கும் வந்தது. நாம் அவசரப்பட்டு எலுமிச்சைச் சாதப் பொட்டலங்கள் கட்டிக் கொண்டுபோனோம். உரிமம் பெற்ற சமையலறையில் சமைக்காத உணவை வாங்க இயலாது என்று அங்கே தன்மையாகத் திருப்பி அனுப்பினார்கள். பிழை நம்முடையது, கேட்டுவிட்டுச் சமைத்திருக்க வேண்டும். அந்தச் சாதத்தை நாமே மூன்று நாள் சாப்பிட்டோம். மறுவாரம் அரிசி, பருப்பு, டப்பாவில் அடைத்த பயறு, குழந்தைகளுக்கான பால்மாவு என்று கொடுத்தோம், பெற்றுக்கொண்டார்கள். என்னென்ன வேண்டும் என்ற பட்டியலை அவர்களிடமே வாங்கி, அதன்படி மாதந்தோறும் கொடுப்பதென்று இப்போது ஏற்பாடாகியுள்ளது.

நவம்பர் 12ஆம் தேதி, கல்லறைத் தோட்டத்துக்கு எதிரேயுள்ள நாணயச் சாலையில், புழக்கத்துக்கான கடைசி ஒரு சென்ட் நாணயம் அடிக்கப்பட்டது. 1793இல், அந்தக் காய்ச்சல் ஆண்டில், இதே நகரத்தில் தொடங்கிய நாணயம் அது. பிராங்க்ளினின் கல்லறை மீது ஒரு சென்ட் எறிவது பார்வையாளர்களின் நெடுநாள் பழக்கம். அப்படி விழுந்த காசுகள் பளிங்கைக் குழி குழியாக்கியதும், கல்லில் கண்ட விரிசலைச் சில ஆண்டுகளுக்கு முன் செப்பனிட வேண்டியிருந்ததும் பலருக்குத் தெரியாது. இனி நமது பிள்ளைகள் காசு எறிவதில்லை, வேண்டுமானால் நன்கொடைப் பெட்டியில் போடலாம் என்று சொல்லிவைத்திருக்கிறோம். அன்று இரவே 43 நாள் அரசு முடக்கமும் முடிந்தது.

நவம்பர் 27 நன்றி நாளில் தனித்திருந்த மாணவர்கள் சிலரை மூன்று குடும்பத்தார் விருந்துக்கு அழைத்தார்கள். நவம்பர் 30 முதல் கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வெந்து காலம் தொடங்கியது. கிறிஸ்துமஸ் கீதப் பவனி பற்றிய விவரம் கலாசாரப் பிரிவின் அறிக்கையில் வரும்.

இவ்வாண்டு நிறைவேறாமல் நிற்கும் வேலை ஒன்று உண்டு. நவம்பர் 2 அன்று வாசித்த பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைப்பதாகச் சொன்னோம். இதுவரை 31 பெயர்களே வந்திருக்கின்றன. அவற்றிலும் சிலவற்றுக்கு ஊர் இல்லை, சிலவற்றுக்கு ஆண்டு இல்லை. பெயர், ஊர், தெரிந்தால் மரித்த நாள் ஆகியவற்றைத் தமிழில் எழுதி, லெந்து தொடங்குமுன் என்னிடமோ துணைச் செயலாளரிடமோ தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நோட்டு இன்று வாசல் மேசையில், பேனாவோடு வைக்கப்பட்டிருக்கிறது. வரவுசெலவுக் கணக்கைக் காசாளர் தனியே வாசிப்பார்கள்.

இங்ஙனம்,
செயலாளர்