ரகசியம் கேட்ட பெண்

அன்புள்ள மல்லிகா,

நலம். அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகச் சுதா சொன்னாள். இத்தனை நாள் எழுதாததற்கு நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். பந்தயம் கட்டிய பிரியாணியும் பாக்கி இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெயர், ஊர் கேட்காதே. நான் ஆலோசகராக இருக்கும் பள்ளியில் பிளஸ் டூ பெண் ஒருத்தி என்னிடம் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். துப்பட்டா முனையைச் சுருட்டிக்கொண்டே, "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கதானே அக்கா?" என்றாள். எதைச் சொல்லாமல் இருக்க முடியும், எதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் ஃப்ரெண்டுக்கு நடந்துச்சுன்னு சொன்னா?" என்று கேட்டாள் பார்! அதுவும் முடியாது என்றதும் பெல் அடித்த சாக்கில் எழுந்து போய்விட்டாள்.

18 வயதுக்குட்பட்டவர்கள் மீதான பாலியல் குற்றம் தெரிந்தால் போலீஸுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு; அதில் ஆலோசகர்களான நமக்கென்று விலக்கே கிடையாது. தெரிந்தும் சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை, தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தைச் சொல்லாத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. மாமாவோ வாத்தியாரோ கைவைத்த வழக்கென்றால் எனக்குத் தயக்கமே இல்லை. குடும்ப மானம் என்று பேசி மூடியதெல்லாம் நாம் பார்த்ததுதானே? ஆனால் அவளுக்கு 17, பையனுக்கு 19, இருவருக்கும் இஷ்டம் என்றால்? சம்மத வயது 18. சொன்னால் அவன் உள்ளே, சொல்லாவிட்டால் நான். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குத் தரும் தகவலில் அவள் பெயரை டாக்டர் சொல்ல வேண்டியதில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் ஒரு சந்து திறந்தது. நமக்கு அந்தச் சந்தும் இல்லை.

புருஷனிடம் அடிவாங்கும் பெண் வந்தால், புகார் வேண்டுமா என்று அவளையே கேட்கலாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. இந்தப் பெண்ணை அப்படிக் கேட்க வழியில்லை. என்னிடம் வராமல் நேரே மெடிக்கல் ஷாப்பில் கருக்கலைப்பு மாத்திரை கேட்பாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.

குழந்தைகள் நலக் குழுவில் இருக்கிறாயே, இப்படி வரும் பெண்களிடம் முதலில் என்ன சொல்கிறாய்? உபதேசம் வேண்டாம், சொல்கிற வார்த்தையை அப்படியே எழுது. போனில் வேண்டாம். என் 'ஆலோசனை அறை' என்பது ஒரு பீரோவுக்குப் பின்புறம். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கிளார்க் தண்ணீர் நீட்டுகிறார்.

அன்புடன்,
கலா