பொருந்தாத சீட், அராவச் சொன்ன கொக்கி: ஒரு புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: என் பைக்குக்கு வாங்கிய மாற்று சீட் வயரிங்கை நசுக்கி, ஓடும்போதே வண்டி அணைந்தது, பணத்தைத் திருப்பித் தரவும், இதே சீட்டை வாங்கிய மற்றவர்களை எச்சரிக்கவும் கோருதல்.

ஐயா,

வணக்கம். மூன்று மாதங்களுக்கு முன் உங்களிடம் ஒரு டூரிங் சீட் (நெடுந்தூர ஓட்டத்துக்கான சீட்) வாங்கினேன். அதனால் எனக்கு நேர்ந்ததை ஏற்கெனவே இரண்டு முறை போனிலும் ஒரு முறை மின்னஞ்சலிலும் சொல்லிவிட்டேன். வந்த பதில், "பொருளில் மாற்றம் செய்யப்பட்டிருப்பதால் திரும்பப் பெற இயலாது" என்ற ஒற்றை வரி மட்டுமே. அந்த மாற்றத்தைச் செய்யச் சொன்னதே உங்கள் ஆள்தான். அதனால் நடந்தது எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் மருந்து விற்பனைப் பிரதிநிதி. ஒரு நாளில் 120 கிலோமீட்டர் பைக்கில் போவது எனக்குச் சாதாரணம். வண்டியோடு வந்த கம்பெனி சீட்டில் ஒரு மணி நேரம் தாண்டினாலே உட்காரும் எலும்பு இரண்டும் எரிய ஆரம்பித்துவிடும். அந்த சீட் முன்பக்கம் சரிந்தும் இருக்கும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டேங்கை நோக்கி வழுக்கி, கையால் ஹேண்டில்பாரைத் தள்ளிப் பின்னால் வர வேண்டும். மாலையில் மணிக்கட்டும் சேர்ந்து வலிக்கும். ஓட்டுபவர் உட்காரும் இடம் தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும் என்று போட்டிருந்ததால்தான் உங்கள் சீட்டைத் தேர்ந்தெடுத்தேன். ஆர்டர் படிவத்தில் மாடல் பெயரோடு 2022-ஆம் ஆண்டுத் தயாரிப்பு என்பதையும் எழுதினேன். "எந்த மாற்றமும் தேவையில்லை, பழைய சீட்டைக் கழற்றி இதை மாட்டினால் போதும்" என்பது உங்கள் விளம்பர வாசகம்.

பார்சல் வந்த அன்றே மாட்டிப் பார்த்தேன். சீட்டின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி, டேங்குக்குப் பின்னால் உள்ள பட்டைக்குள் நுழைய வேண்டும். அது நுழைந்தால்தான் சீட்டின் பின்பக்கத்தில் இருக்கும் முளை (pin) லாக்கில் விழும். உங்கள் சீட்டின் கொக்கி தடிமனாக இருந்ததால் பாதியில் நின்றுவிட்டது. சீட் சுமார் 6 மில்லிமீட்டர் பின்தள்ளியே உட்கார்ந்தது, லாக் விழவில்லை. கையால் குத்தியும் மேலே ஏறி உட்கார்ந்தும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

உடனே உங்கள் சேவை எண்ணுக்குப் போன் செய்தேன். பேசியவர் மரியாதையாகவே பேசினார், அதில் குறை இல்லை. புது சீட் எல்லாமே முதலில் டைட்டாகத்தான் இருக்கும் என்றார். கொக்கியின் மேல்பக்கத்தை அரம் வைத்து லேசாக அராவுங்கள், போய்விடும் என்றார். அராவினால் வாரண்டிக்குப் பிரச்சினை வராதா என்று கேட்டேன். வராது, நிறையப் பேர் அப்படித்தான் மாட்டுகிறார்கள் என்று பதில் சொன்னார். அந்த அழைப்பின் நாளையும் நேரத்தையும் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் பக்கம் உரையாடல் பதிவாகியிருக்கும், தயவுசெய்து அதை எடுத்துக் கேளுங்கள்.

அவர் சொன்னபடி 2 மில்லிமீட்டர் அராவினேன். கொக்கி உள்ளே போனது, லாக்கும் விழுந்தது. சரி, முடிந்தது என்று நம்பினேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் ஃபோம் நல்ல ஃபோம். பல மாற்று சீட்டுகளில் கையால் அழுத்தும்போது பஞ்சு மாதிரி இருக்கும், ஒரு மணி நேரத்தில் அமுங்கி அடித்தட்டு எலும்பில் இடிக்கும். உங்களுடையது தொட்டால் கொஞ்சம் கெட்டியாகத் தெரிந்தாலும் 3 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகும் அமுங்கவில்லை. பல வருடமாக இருந்த வலி முதல் வாரத்திலேயே குறைந்தது. பின்னால் உட்காரும் என் மனைவியும் வழியில் இறங்கி நிற்கக் கேட்பதில்லை. அந்த ஃபோமைச் செய்தவருக்குத் தொழில் தெரியும். அடித்தட்டைச் செய்தவர் என் வண்டியில் அதை ஒரு முறையாவது வைத்துப் பார்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

ஏழாவது வாரம், இருட்டிய பிறகு, நானும் மனைவியும் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தோம். வேகம் 70 இருக்கும். எந்த அறிகுறியும் இல்லாமல் இன்ஜின் நின்றது. அதே நொடியில் ஹெட்லைட்டும் மீட்டரும் பின்விளக்கும் அணைந்தன. பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. எங்கள் வண்டி லாரி ஓட்டுநர் கண்ணுக்கே தெரிந்திருக்காது. கிளட்சைப் பிடித்து உருட்டியபடியே ஓரத்து மண்ணில் இறக்கினேன், லாரி எங்களைத் தாண்டிப் போனது. மனைவி என் தோளைப் பிடித்திருந்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை. இதை எழுதும்போதும் அந்தச் சில நொடிகள் கண்முன் வருகின்றன.

மறுநாள் மெக்கானிக் சீட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. மெயின் ஃப்யூஸ் போயிருந்தது. வண்டிச் சட்டத்தின் (ஃபிரேமின்) ஓரமாகப் போகும் வயரிங் கட்டின் மேல் உங்கள் சீட்டின் அடித்தட்டு நேராக உட்கார்ந்திருந்தது. எங்கள் எடையும் வண்டியின் அதிர்வும் சேர்ந்து வயரின் மேலுறையைத் தேய்த்து, பேட்டரியிலிருந்து வரும் வயரின் செம்பு வெளியே தெரிந்தது. அது சட்டத்தில் பட்டுத்தான் ஷார்ட் ஆகியிருக்கிறது. சீட்டை மாட்டிவிட்டால் அடியில் என்ன நடக்கிறது என்று மேலிருந்து பார்க்கவே முடியாது. சாவி போட்டுத் திறந்து மாட்டும் எந்த வாடிக்கையாளருக்கும் இது தெரிய வழியில்லை.

அடித்தட்டு ஏன் வயரிங்கில் உட்கார்ந்தது என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். நம் எடையைத் தாங்குவது கொக்கியும் லாக்கும் அல்ல. அவை சீட்டை இடம் மாறாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான். எடை முழுவதும் அடியில் உள்ள ரப்பர் புஷ்கள் (சிறு ரப்பர் தாங்கிகள்) வழியாகச் சட்டத்துக்கு இறங்க வேண்டும். என் கம்பெனி சீட்டின் அடியில் நான்கு புஷ்கள் இருக்கின்றன. உங்கள் சீட்டில் பின்னால் இரண்டுதான், முன்னால் ஒன்றுமில்லை. மெக்கானிக் தன் பட்டறையில் நின்ற இதே மாடலின் பழைய வண்டியைத் திறந்து காட்டினார். அதில் முன்பக்கத்துப் புஷ்கள் இரண்டும் சட்டத்திலேயே பொருத்தப்பட்டிருந்தன, வயரிங்கும் தாழ்வாக வேறு வழியில் போனது. என் வண்டியில் அந்தப் புஷ்கள் சட்டத்திலிருந்து கம்பெனி சீட்டின் அடிக்கு மாறிவிட்டன. ஆக, நீங்கள் பழைய வண்டிக்கு அளவெடுத்த சீட்டை, பெயர் ஒன்றுதானே என்று புதிய வண்டிக்கும் விற்றிருக்கிறீர்கள். கொக்கி நுழையாமல் நின்றதும் இதனால்தான். அது வேறு வண்டியின் சீட் என்பதற்கு அதுவே முதல் அறிகுறி. அந்த அறிகுறியை அரம் வைத்துத் தேய்த்துவிடச் சொன்னார் உங்கள் ஊழியர்.

ரெக்சின் தையல் வழியாக மழைத் தண்ணீர் இறங்குவது போன்ற சின்னக் குறைகளும் உண்டு. அவற்றுக்காக நான் எழுதவில்லை.

என் கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்கிறேன். சீட்டின் முழு விலையும், வயரிங் சரிசெய்த செலவும், சீட்டைத் திருப்பி அனுப்பும் செலவும் எனக்கு வர வேண்டும். அராவிய கொக்கியைக் காரணம் காட்டி மறுத்த முடிவை எழுத்துப்பூர்வமாக ரத்து செய்யுங்கள். என்னைப் பொறுத்தவரை இவற்றை விட முக்கியமானது இன்னொன்று உண்டு. இதே சீட்டைப் புதிய வடிவ வண்டிக்கு வாங்கியவர்களின் விவரம் உங்கள் ஆர்டர் பதிவில் இருக்கிறது. சீட்டைக் கழற்றி வயரிங்கைப் பார்க்கச் சொல்லி அவர்கள் எல்லோருக்கும் இந்த வாரமே தகவல் அனுப்புங்கள். அராவி மாட்டியவர்கள் நிறையப் பேர் என்று உங்கள் ஊழியரே சொன்னார். அவர்கள் எல்லோருடைய வண்டியிலும் அந்த வயர் இப்போது தேய்ந்துகொண்டிருக்கலாம். அப்புறம், பொருந்தும் வண்டிகளின் பட்டியலில் மாடல் பெயரோடு தயாரிப்பு ஆண்டையும் சேர்க்கும் வரை இந்த சீட்டின் விற்பனையை நிறுத்தி வையுங்கள்.

தேய்ந்த வயர், அடித்தட்டில் பதிந்த தடம், பழைய, புதிய வண்டிகளின் சட்டம் ஆகியவற்றின் படங்களையும் மெக்கானிக்கின் ரசீதையும் இணைத்துள்ளேன். சீட் என்னிடம் அப்படியே இருக்கிறது. உங்கள் பொறியாளர் யாராவது நேரில் வந்து பார்க்க விரும்பினால் வண்டியையும் காட்டத் தயார். பழைய சீட்டை விற்காமல் வைத்திருந்ததால் இப்போது அதைத்தான் மாட்டி ஓட்டுகிறேன், வலியும் திரும்ப வந்துவிட்டது. என் வண்டியின் சட்டத்துக்கு அளவெடுத்து, நான்கு புஷ்களோடு, இதே ஃபோமில் ஒரு சீட் செய்தால் சொல்லுங்கள், மறுபடியும் வாங்கிக்கொள்கிறேன்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் இதே ஆதாரங்களோடு மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஆர்டர் படிவ நகல், அழைப்பு விவரம், படங்கள், மெக்கானிக் ரசீது