குரல் பதறினால் பொய்யா? இழப்பீட்டு நிறுத்தம் குறித்த புகார்

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வீட்டுக் காப்பீட்டுப் பிரிவு

பொருள்: குரல் பகுப்பாய்வைக் காரணம் காட்டி என் இழப்பீட்டுக் கோரிக்கையை நிறுத்திவைத்தது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வீட்டின் தண்ணீர்க் குழாய் வெடித்துத் தரையும் மரச்சாமான்களும் பாழானதற்கு நான் அளித்த கோரிக்கையைத் தங்கள் நிறுவனம் நிறுத்திவைத்திருக்கிறது. காரணம் கேட்டு எழுதினேன். "தொலைபேசி உரையாடலின் குரல் பகுப்பாய்வில் நம்பகத்தன்மைக் குறைவு தென்பட்டது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. புகைப்படங்களில் குறை சொல்லவில்லை. குழாயைப் பழுதுபார்த்தவரின் ரசீதிலும் குறை சொல்லவில்லை. என் குரலில்தான் குறையாம்.

அந்த அழைப்பு எப்போது நடந்தது என்பது தங்கள் பதிவிலேயே இருக்கும். வீட்டுக்குள் தண்ணீர் தேங்கி நிற்க, நனையாத பொருள் எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்று தேடிக்கொண்டே பேசினேன். தங்கள் பிரதிநிதி ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார். அந்த நிலைமையில் நிதானமாகப் பேசுகிறவர்மீதுதான் எனக்குச் சந்தேகம் வரும்.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். குரலின் பதற்றத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் தங்கள் மென்பொருளின் அறிவியலும் அந்தப் பழமொழியைத் தாண்டிப் போகவில்லை. மடியில் ஒன்றும் இல்லாதவருக்கும் பயம் வரும், ஐயா. வீடு பாழானாலும் வரும், பணம் கிடைக்குமா என்ற கவலையிலும் வரும், தன்னை நம்பவில்லை என்று தெரிந்தாலே வரும். பதற்றத்தை ஒரு கருவி சரியாக அளந்தாலும், அந்தப் பதற்றம் எதனால் வந்தது என்பதை அதனால் சொல்ல முடியாது.

பதற்றத்தைச் சரியாக அளக்கிறதா என்பதே முதலில் சந்தேகம். இவ்வகைக் கருவிகள் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. கை கால் தசைகளில் விநாடிக்கு 8 முதல் 12 முறை நிகழும் ஒரு நுண்ணதிர்வு குரலிலும் இருக்கிறது, மன அழுத்தம் வந்தால் அது அடங்கிவிடும் என்பது அவற்றின் அடிப்படை. குரல்வளைத் தசைகளில் அந்த அதிர்வைத் தேடிய ஆய்வாளர்களுக்கு 1981இல் சான்று கிடைக்கவில்லை. இப்போதைய மென்பொருள்கள் சில வேறு அளவீடுகளைச் சொல்கின்றன என்பது எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒன்றை ஆராய்ந்து 2007இல் ஸ்வீடனின் ஒலியியல் அறிஞர்கள் எரிக்சனும் லாசெர்டாவும் கடுமையான கட்டுரை எழுதினார்கள். தயாரித்த நிறுவனம் வழக்கு மிரட்டல் விடுத்ததும் பதிப்பகம் அதை இணையத்திலிருந்து அகற்றியது. அறிவியல் கேள்விக்கு வழக்கறிஞரை அனுப்புவது எனக்கு நல்ல அறிகுறியாகப் படவில்லை.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, நாடித்துடிப்பு, மூச்சு போன்றவற்றை அளக்கும் பாலிகிராஃப் என்ற பொய் கண்டறியும் கருவிக்கு மாற்றாக இவற்றைப் பயன்படுத்த அறிவியல் அடிப்படை மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை என்றது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு சிறையில் நடந்த சோதனை இன்னும் தெளிவானது. புதிதாகக் கைதாகி வந்த 300க்கும் மேற்பட்டவர்களிடம் அண்மையில் போதைப்பொருள் எடுத்தார்களா என்று கேட்டு, பதிலைச் சிறுநீர்ப் பரிசோதனையோடு ஒப்பிட்டார்கள். பொய் சொன்னவர்களில் 15 சதவீதத்தினரை மட்டுமே மென்பொருள்கள் பிடித்தன. உண்மை சொன்னவர்களிலும் 8.5 சதவீதத்தினருக்குப் பொய்யர் பட்டம் கிடைத்தது.

இதைத் தங்கள் தொழிலுக்குப் பொருத்திப் பாருங்கள். கோரிக்கை வைக்கும் 1000 பேரில் 20 பேர் ஏமாற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதே விகிதத்தில் அந்த 20 பேரில் 3 பேர் சிக்குவார்கள், 17 பேர் காசோலையோடு போவார்கள். நேர்மையான 980 பேரில் ஏறத்தாழ 83 பேர் என்னைப் போலக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள். இதைத் தணிக்கை அதிகாரி யாராவது கூட்டிக் கழித்துப் பார்த்தாரா?

பயன் இல்லை என்று சொல்லவில்லை. இருக்கும் பயன் வேறு. அதே சிறையில், கருவி இல்லாமல் முன்பு நடந்த ஆய்வில் 40 சதவீதத்தினர் பொய் சொல்லியிருந்தார்கள். கருவி இருக்கிறது என்றபோது அது 14 சதவீதமாகக் குறைந்தது. ஆக, வேலை செய்வது கருவி அல்ல, கருவியைப் பற்றிய பயம். மிரட்டுவதற்காக ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் தீர்ப்பைத் தாங்களே நம்பத் தொடங்கியதுதான் என் குறை. பிரிட்டனில் அரசு உதவித்தொகை கோருவோரின் அழைப்புகளில் இதைச் சோதித்துப் பார்த்து 2010இல் கைவிட்டார்கள்.

இன்னொன்று. "உரையாடல் பதிவு செய்யப்படலாம்" என்ற அறிவிப்பை நான் கேட்டேன். பதிவை வைத்து என் நேர்மைக்கு மதிப்பெண் போடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சம்மதிக்கவில்லை.

ஆகவே, என் கோரிக்கையை ஆவணங்களை மட்டும் வைத்து ஒரு மனிதர் மறுபடி பரிசீலிக்க வேண்டும்; தேவையென்றால் வீட்டை நேரில் பார்க்க ஆள் அனுப்பட்டும், கறை படிந்த சுவர் அப்படியேதான் இருக்கிறது. பயன்படுத்திய மென்பொருளின் பெயர், அதன் பிழை விகிதம், எனக்குக் கொடுத்த மதிப்பெண், உரையாடலின் ஒலிப்பதிவு ஆகியவற்றின் நகல் எனக்கு வேண்டும். என் கோப்பிலிருந்து அந்தக் குறிப்பை நீக்க வேண்டும். இவை நடக்காவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் இதே கடிதத்தை இணைத்து முறையிடுவேன்.

பதிலை எழுத்து மூலமாகவே அனுப்பவும். தொலைபேசியில் இனி நான் பேசுவதாக இல்லை.

இப்படிக்கு,
தங்கள் பாலிசிதாரர்

இணைப்பு: புகைப்படங்கள், பழுதுபார்ப்பு ரசீது, தங்கள் பதில் கடிதத்தின் நகல்