காற்றாலைகள் ஒரே பண்ணையாக இயங்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் காற்றாலை சீசன் தொடங்கியதும் இத்தனை ஆயிரம் மெகாவாட் கிடைத்தது என்று ஒரு செய்தியும், காற்று திடீரென்று தணிந்ததால் உற்பத்தி சரிந்தது என்று சில நாள்களில் மற்றொரு செய்தியும் நாளிதழ்களில் வருவது வழக்கமாகிவிட்டது. இரண்டையும் படிக்கிறவர்கள், காற்றை நம்பி எதையும் திட்டமிட முடியாது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மின்கட்டுப்பாட்டுக் கருவிகளோடு பணிக்காலம் முழுவதையும் கழித்து, இப்போது பெங்களூரில் ஓய்விலிருக்கும் நான் அந்த முடிவை ஏற்கவில்லை. காற்று நம் சொல்லைக் கேட்காது என்பது உண்மைதான். ஆனால், ஒரே வெளியில் நிற்கும் நூறு காற்றாலைகள் தனித்தனியாக ஓடுவதா, ஒரே மின்நிலையமாகச் சேர்ந்து ஓடுவதா என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். அந்த முடிவு இன்றுவரை சரியாக எடுக்கப்படவில்லை.

காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடியை (வேகம் × வேகம் × வேகம்) பொறுத்தது. விநாடிக்கு 10 மீட்டராக வீசும் காற்று 9 மீட்டராகக் குறைந்தால், வேகத்தில் குறைவது பத்தில் ஒரு பங்குதான். ஆற்றலில் குறைவதோ ஏறத்தாழ 27 விழுக்காடு. ஆனால் இந்தச் சரிவு எல்லாக் காற்றாலைகளையும் ஒரே நொடியில் தாக்குவதில்லை. 10 மீட்டர் வேகக் காற்று மூன்று கிலோமீட்டரைக் கடக்க ஐந்து நிமிடம் ஆகும். அதாவது, முதல் வரிசையில் காற்று தணிந்ததை அங்குள்ள கருவி பதிவு செய்யும்போது, கடைசி வரிசைக்கு இன்னும் ஐந்து நிமிட அவகாசம் இருக்கிறது. கட்டுப்பாட்டுத் துறையில் ஐந்து நிமிடம் என்பது மிக நீண்ட நேரம்.

அந்த நேரத்தைப் பயன்படுத்த, பண்ணை முழுவதையும் பார்க்கும் ஒரு மையக் கட்டுப்பாட்டுக் கணினி வேண்டும். சில காற்றாலைகளின் இறகுக் கோணத்தைச் சற்றே மாற்றி, முழுத் திறனுக்குக் கொஞ்சம் கீழே ஓட்டிக் கைவசம் வைத்திருந்தால், முன்வரிசையில் விழும் குறையைப் பின்வரிசை ஈடுகட்டும். காற்று பாய்ந்து வரும்போதும் மொத்த உற்பத்தி நிமிடத்துக்கு இவ்வளவுக்கு மேல் ஏறக்கூடாது என்று வரம்பு விதிக்கலாம். இது புதிய கற்பனை அன்று. டென்மார்க் கடலில் 2002இல் அமைக்கப்பட்ட ஹார்ன்ஸ் ரெவ் பண்ணையின் 80 காற்றாலைகளும், மொத்தம் 160 மெகாவாட், இப்படியொரு மையக் கட்டுப்பாட்டின் கீழேயே இயக்கப்பட்டன.

ஆரல்வாய்மொழிக் கணவாயில், நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையோரம் நின்று பார்த்தவர்களுக்கு மற்றொரு குறையும் கண்ணில் படும். முன்னால் நிற்கும் காற்றாலை விரைவாகச் சுழல, அதன் பின்னால் நேர்கோட்டில் நிற்பது, முன்னது கலக்கிவிட்ட வலுவிழந்த காற்றை வாங்கிக்கொண்டு தள்ளாடும். முன்னதன் முகத்தைக் காற்றுக்கு நேராக வைக்காமல் சில பாகை திருப்பினால், அந்தக் கலங்கிய காற்று பின்னதன்மேல் விழாமல் ஒதுங்கிப் போகும். கனடாவின் ஆல்பெர்ட்டாவில் ஆறு காற்றாலைகளில் இதைச் சோதித்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் முடிவை வெளியிட்டார்கள். குறிப்பிட்ட காற்றுத் திசையில், உற்பத்தியின் ஏற்ற இறக்கம் அதிகபட்சமாக 72 விழுக்காடு வரை குறைந்தது. வடமேற்கு இந்தியாவின் ஒரு பண்ணையிலேயே நடந்து 2022இல் வெளியான சோதனையில், மொத்த உற்பத்தி ஏறத்தாழ 1.2 விழுக்காடு கூடியது. சிறிய எண்தான். ஆனால் ஒரு புதிய கம்பம்கூட நடாமல், கட்டுப்பாட்டு முறையை மாற்றியதால் மட்டுமே கிடைத்தது அது.

தொழில்நுட்பம் இருந்தும் ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தல் போன்ற இடங்களில் இது நடக்காததற்குக் காரணம் உடைமை. தமிழ்நாட்டில் நூற்பாலைகளும் சிறு முதலீட்டாளர்களும் சொந்தப் பயன்பாட்டுக்காகவும், இயந்திரத் தேய்மானத்தைச் செலவாகக் கணக்கிட்டுக் கிடைத்த வரிச் சலுகைக்காகவும் ஒன்றிரண்டாகக் காற்றாலைகளை வாங்கி நட்டார்கள். அவர்கள் இல்லையென்றால் இத்துறையே வளர்ந்திருக்காது. அவர்களைக் குறை சொல்வது நியாயமன்று. ஆனால் அடுத்தடுத்து நிற்கும் காற்றாலைகளுக்கு வெவ்வேறு முதலாளிகள் இருக்கும்போது, பின்னவருக்காக முன்னவர் தம் காற்றாலையின் முகத்தைத் திருப்பச் சம்மதிப்பாரா? ஏரிப் பாசனத்தில் தலைமடைக்காரர் தம் விருப்பத்துக்கு மடையைத் திறந்தால் கடைமடை காய்ந்துவிடும் என்பதால்தான் பாசன நீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி என்ற பணியாளரை ஊருக்கு ஒருவராக நம் முன்னோர் வைத்தார்கள். காற்றுக்கும் அப்படி ஒருவர் தேவைப்படுகிறார். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று நாளொன்றுக்கு 96 கூறுகளாக உற்பத்தியைக் கணித்து அட்டவணை தர ஒருங்கிணைப்பு முகமைகள் ஏற்கெனவே உள்ளன. அவை கணக்கைத்தான் ஒருங்கிணைக்கின்றன; இயந்திரத்தைத் தொடும் உரிமை அவற்றுக்கு இல்லை.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. பலவற்றில் இறகுக் கோணத்தை மாற்றும் வசதியே இல்லாத பழைய, சிறிய காற்றாலைகளை அகற்றிவிட்டுப் பெரியவற்றை நடுவதற்கான கொள்கையை மத்திய அரசு 2016இல் கொண்டுவந்து 2023இல் திருத்தியது. அந்த அனுமதியை வழங்கும்போதே, ஒரே துணை மின்நிலையத்தில் இணையும் காற்றாலைகள் அனைத்தும் ஒரே மையக் கட்டுப்பாட்டின்கீழ் வரவேண்டும் என்றும், வருவாயைத் தனித்தனி மீட்டரை மட்டும் பார்க்காமல் கூட்டு உற்பத்தியின் அடிப்படையில் பங்கிட வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கலாம். நட்டு முடித்த பிறகு இதைச் செய்வது பலமடங்கு கடினம்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டுமான கவலையும் அன்று. தென் மாநிலங்களின் மின் உற்பத்தியையும் தேவையையும் சமன் செய்யும் தென்மண்டல மின்சுமை பகிர்வு மையம் எங்கள் பெங்களூரில்தான் இருக்கிறது. முப்பந்தலில் காற்று தணிந்தாலும் கர்நாடகத்தின் சித்ரதுர்காவில், கதக்கில் தணிந்தாலும், மின்கட்டமைப்பின் அலைவெண்ணை 49.90க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் இடையில் வைத்திருக்க வேண்டிய பொறுப்பில் அங்குள்ள பொறியாளர்களுக்கும் பங்கு உண்டு. மணிக்கணக்காகக் காற்றே வீசாவிட்டால் எந்தக் கட்டுப்பாட்டுக் கணினியாலும் பயனில்லை. அதற்கு, மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேலேற்றி வைத்து, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும், கடம்பாறையின் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் போன்றவையும் மின்கலத் தொகுதிகளும்தான் வேண்டும். ஆனால் நிமிடக்கணக்கான ஏற்ற இறக்கத்தைப் பண்ணைக்குள்ளேயே அடக்கிவிட்டால், விலையுயர்ந்த அந்தச் சேமிப்பை உண்மையான பற்றாக்குறைக்கு ஒதுக்கி வைக்கலாம்.

தமிழ்நாடு, கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள், அடுத்த சீசனுக்குள் மாநிலத்துக்கு ஒரு துணை மின்நிலையத்திலாவது இதை நடைமுறைப்படுத்திப் பார்க்கவும், பள்ளிக்கரணையிலுள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் உற்பத்தி அளவுகளை நிமிடவாரியாகப் பதிந்து பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடவும் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு