ஞாயிறு பேச்சு: குடியரசின் பெரும்படை

வணக்கம் நண்பர்களே. இந்த ஞாயிறு மாலை நாம் பேசப்போவது, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் பக்கம் நின்ற வீரர்களின் சங்கமான ‘குடியரசின் பெரும்படை’ பற்றி. 1866 ஏப்ரல் 6இல் இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டரில், படை மருத்துவராக இருந்த பெஞ்சமின் ஸ்டீபன்சன் தொடங்கியது.

சகோதரத்துவம், ஈகை, விசுவாசம் என்பவை கொள்கைகள். நடைமுறையில், நொடித்துப்போன தோழனுக்குக் கைகொடுப்பது, இறந்தவரின் மனைவி மக்களைக் காப்பது, ஓய்வூதியத்துக்காக அரசிடம் போராடுவது. கறுப்பின வீரர்களையும் சேர்த்தார்கள். ஆனாலும் பல ஊர்களில் அவர்களுக்குத் தனிக் கிளைதான். இதை அவசியம் பேச வேண்டும்.

போரில் பணியாற்றாத யாருக்கும் இடமில்லை. 1890இல் நான்கு லட்சம் பேர் இருந்த சங்கம், கடைசி உறுப்பினர் 1956இல் கண்மூடியதும் கலைந்தது. படிக்கும்போது மனம் கனத்துவிட்டது. எல்லோரும் வாருங்கள்.